எழுபது மில்லிமீட்டர்

“ஜெயமேரியக்கா, கல்லோடைப்பட்டி எம்புட்டு?”

“நாலு.”

“நாலா? என்னக்கா சொல்றீக? இங்க திண்டுக்கல்லு பூரா காஞ்சு கெடக்கு. தெருவுல ஈரம் இருக்கா?”

“இல்ல. ஆனா பாட்டில்ல நாலு இருக்கு தாயி. இருக்கறதச் சொன்னேன்.”

“அப்ப எவனாச்சும் வேலி தாண்டி வந்து ஒண்ணுக்குப் போயிருப்பான்.”

“மோந்து பாத்தேன். தண்ணிதான்.”

“அய்ய! மோந்து வேற பாத்தீகளா!” போனில் சிரிப்பு குலுங்கியது. “நான் சைபர்னு போட்டுக்கிறேன்க்கா. நாலுன்னு போட்டா மேல இருக்கறவுக என்னைய வைவாக. சாப்ட்டீகளா?”

“இனிமேதான். நீ?”

“வெஞ்சனம் வைக்க நேரமில்ல. ரெண்டு இட்லியச் சீனியத் தொட்டுத் தின்னுட்டு நாகல் நகர்ல ஆட்டோ ஏறி ஓடியாந்தேன். வச்சிரவா?”

தாலுகா ஆபீசில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வட்டாரத்து மழை அளவையெல்லாம் எழுதிக்கொள்கிறவள் மலர்விழி. கல்லோடைக் கரையில் இருந்த பொதுப்பணித்துறை செக்‌ஷன் ஆபீசில் மழைமானி பார்க்கிறவள் ஜெயமேரி. ஆறு வருஷமாகத் தினமும் காலை எட்டரைக்கு மேல் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

மலர்விழி சைபர் போட்டுக்கொண்டாலும் ஜெயமேரி தன் ரிஜிஸ்டரில் நாலு என்றே எழுதினாள். இருந்ததை இருந்தபடி எழுதுவது, செத்துப்போன புருஷன் ஸ்தனிஸ்லாஸிடமிருந்து வாரிசு வேலையோடு சேர்ந்து அவளுக்கு வந்த பழக்கம்.

மழைமானி ஒன்றும் பெரிய இயந்திரம் இல்லை. கம்பி வேலிக்குள் சிமெண்டு மேடையில் பதித்த ஓர் உருளை. மேலே ஐந்து அங்குல வாய் வைத்த புனல். உள்ளே ஒரு பாட்டில். காலையில் பாட்டிலை எடுத்து, மில்லிமீட்டர் கோடு போட்ட கண்ணாடிக் கிளாசில் ஊற்றி அளக்க வேண்டும். வேலிப் பூட்டுக்குச் சாவி ஒன்றே ஒன்று. அது அவள் கழுத்தில் ஜெபமாலையோடு தொங்கியது. பூட்டு பூட்டினபடியே இருந்தது. வானம் வெளுத்துக் கிடந்தது. பாட்டிலில் மட்டும் நாலு.

அதற்கு ஒன்பதாம் நாள், 1999 பிப்ரவரி கடைசியில், யாரும் நினையாத நேரத்தில் ஒரு மழை விழுந்தது. அளந்து பார்த்தால் நாலு.

மார்ச்சில் ஒரு காலை, மழையில்லாமல் பதினொன்றரை வந்தது. ஒன்பதாம் நாள் பதினொன்றரை பெய்தது. ஏப்ரலில் இரண்டு வந்தது. வெயில் காய்ந்த உருளைக்குள் தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

வேலிக்கு வெளியே ஆபீஸ் வாட்ச்மேன் சங்கிலி பீடியோடு நின்றார்.

“என்ன தாயி, இன்னைக்கும் வந்துருச்சா?”

“வந்திருக்கு சங்கிலிண்ணே. ரெண்டு.”

“நான் ராத்திரி பூரா இங்கனதான படுத்துக் கெடந்தேன். ஒரு பொட்டு விழலயே.”

“தூங்கியிருப்பீக.”

“தூங்குனேன். நனையலயே!”

“யார்ட்டயும் சொல்லிறாதீக.”

“சே, நானா சொல்லுவேன்?”

அன்று சாயங்காலமே டீக்கடை வழியாக ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒன்பதாம் நாள் அந்த இரண்டும் பெய்தபோது சின்னப்பிள்ளைகள்கூட அவளை நின்று பார்த்தார்கள்.

மே மாதம் பிறந்ததும் அந்தோணிராஜ் வீட்டுக்கு வந்தான். ஸ்தனிஸ்லாஸின் சித்தப்பா மகன். செபஸ்தியார் திருவிழாக் கமிட்டிக்குத் தலைவன். ஜெயமேரி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“மதினி, இந்த வருசம் சோறு மணல்லதான்.”

முறம் நின்றது. “யாரு முடிவு பண்ணா?”

“ஊரு.”

அந்தச் சோற்றின் கதை கல்லோடைப்பட்டியில் எல்லோருக்கும் தெரியும். முன்னொரு காலத்தில் ஊரில் பேதி வந்து வீட்டுக்கு வீடு சாவு விழுந்தபோது, மிஞ்சினவர்கள் வீடுகளை அப்படியே போட்டுவிட்டு ஓடை மணலில் இறங்கினார்கள். அங்கேயே ஊற்றுத் தோண்டிக் குடித்து, அங்கேயே கஞ்சி காய்ச்சி, பந்தலோ பாயோ இல்லாமல் கிடந்து பிழைத்தார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் ஊரே அதே மணலில், திறந்த வானத்துக்குக் கீழே, வெறுந்தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம் என்று செபஸ்தியாருக்கு வாக்குக் கொடுத்தார்கள். கூரை போடக்கூடாது. குடிதண்ணீர் ஒரு கன்னிப்பெண் அன்றைக்குத் தோண்டும் ஊற்றிலிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் திருவிழா வந்தால் இந்த ஊருக்கு மட்டும் மேகம் பார்க்கிற பயம்.

“பன்னெண்டு வருசமா கோயில் முத்தத்துல பந்தல் போட்டுத் திங்கிறோம்,” என்றான் அந்தோணிராஜ். “என்ன ஆச்சு? ரெண்டு வருசமா நின்னு பெய்யல. என் கெணத்துல தவளகூட இல்ல. கடல வெதைக்க வழியில்லாம எளவட்டமெல்லாம் திருப்பூர் பஸ் ஏறுறானுக. குடுத்த வாக்க மீறுனா சும்மா விடுவாரா?”

“பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி ஏன் விட்டோம்னு மறந்துபோச்சா கொழுந்தனாரே?”

அவன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். “அண்ணன மறப்பனா? அதுனாலதான் ஒங்ககிட்ட வந்திருக்கோம்.”

1987இல் இதே சோற்றுக்கு முன்னால் ஊர் ஸ்தனிஸ்லாஸைக் கேட்டது. அவன் பாட்டிலையும் வானத்தையும் பார்த்துவிட்டு “சைபர்” என்றான். பந்தி பாதியில் இருக்கும்போது ஓடையில் வெள்ளம் வந்தது. கடைசி வரிசையில் இருந்த கிழடுகளை ஒவ்வொருவராகக் கரையேற்றிவிட்டு, இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் போனவன் வரவில்லை. இரண்டு மைல் தள்ளி ஒரு கருவேல மரத்து வேரில் கிடந்தான். சட்டைப்பை நிறைய மணல். அன்றிலிருந்து ஜெயமேரி வீட்டுக்கு ‘சைபர் வீடு’ என்று பேர்.

“அவரு சொன்னது பொய் இல்ல,” என்றாள் ஜெயமேரி. “இங்க அன்னைக்கு ஒரு துளி விழல. மறுநாக் காலையில பாட்டிலும் காஞ்சுதான் இருந்துச்சு. மழ மலையில பெஞ்சுச்சு.”

“அது யாருக்குத் தெரியும் மதினி? இப்ப ஒங்களுக்கு ஒம்போது நாள் முன்னாடியே தெரியுதுல்ல? வெள்ளிக்கெழம கொடியேத்தம். அடுத்த வாரத்து ஞாயித்துக்கெழம சோறு. எண்ணிப் பாருங்க, சரியா ஒம்போது. வெள்ளிக்கெழம காலையில பாட்டில்ல தண்ணி இருந்தா பந்தல். இல்லாட்டி மணல். நாங்க வந்து நேருல பாப்போம்.”

உள்ளேயிருந்து ஐரின் வந்தாள். ஜெயமேரிக்கு இருப்பது இந்த ஒரு மகள்தான், இருபது வயது.

“சித்தப்பா, ஊத்து நாந்தான் தோண்டுவேன்.”

“ஏய், சும்மா கெட,” என்றாள் ஜெயமேரி.

“ஏம்மா? சைபர் மக, சைபர் மகன்னு சொன்ன வாயெல்லாம் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கட்டும்.”

“குடிக்கட்டும்டி தங்கம்,” என்றான் அந்தோணிராஜ். “நீதான் தோண்டுற.”

மகள் அந்த மணலில், ஓடையின் நட்டநடுவில், குழிக்குள் குனிந்து நிற்கும் காட்சி அன்றைக்கே ஜெயமேரியின் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்கே வேலியைத் திறந்தாள். புனலைத் தூக்கினாள். பாட்டிலைக் கையில் எடுத்ததும் கனம் தெரிந்தது. தண்ணீரின் கனம் அல்ல. அது கைக்குள் சலசலக்கவில்லை.

கிளாசில் கவிழ்த்தாள். ஒரு துளி விழவில்லை. பாட்டிலைத் தட்டினாள். பொத்தென்று மணல் விழுந்தது. ஓடை மணல். ஈரமாக, ஐஸ் போல. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு மூங்கில் இலை. கல்லோடைப்பட்டியில் மூங்கில் கிடையாது. மலைக்கு மேலேதான் உண்டு.

அவள் ஆபீசுக்குள் போய் அலமாரியைத் திறந்தாள். 1987 ரிஜிஸ்டர் அடித்தட்டில் கிடந்தது. திருவிழா நாளை அவள் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறாள்; அதில் 0.0 இருக்கும். அதற்கு ஒன்பது நாள் முந்தின வரியைப் பார்க்க இதுவரை தோன்றியதில்லை. இப்போது விரலை வைத்து மேலே போனாள். ஸ்தனிஸ்லாஸின் சாய்ந்த கையெழுத்து. மழை 0.0. பக்கத்தில் குறிப்புக் கட்டத்தில் சின்னதாக:

‘பாட்டிலில் ஈர மணல். துடைத்தேன்.’

போன் அடித்தது.

“ஜெயமேரியக்கா, எம்புட்டு?”

“சைபர்.” பிறகு, “மலரு, பாட்டில்ல மணல் வந்தா எந்தக் கட்டத்துல எழுதணும்?”

“மணலா? அதுக்கு ஏதுக்கா கட்டம்? மழைக்குத்தான் கட்டம் இருக்கு. காத்துல வந்திருக்கும், தட்டி விட்டுருங்க.”

“மலைக்கு மேல எஸ்டேட்ல எம்புட்டு?”

“அங்கயும் சைபர்தான். ஏங்க்கா, ஒரு மாதிரி பேசுறீக?”

“ஒண்ணுமில்ல தாயி. வைக்கிறேன்.”

மணி எட்டு நாற்பது. ஒன்பதுக்குக் கமிட்டி வந்துவிடும். வந்து பார்த்தால் காய்ந்த பாட்டில். மணலைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே மணலில் இறங்குவார்கள். ரிஜிஸ்டரில் 0.0 என்று எழுதி, பக்கத்தில் ‘பாட்டிலில் ஈர மணல்’ என்று எழுதினாள். அதுவரை உண்மை. பிறகு மூலையில் இருந்த குடத்திலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டாள்.

அப்படியே கொட்டியிருக்கலாம். பழக்கம் விடவில்லை. இருபது கோடு கிளாசில் அளந்து மூன்று தரம் நிறைய ஊற்றினாள். நாலாவது தரம் பாதி. எழுபது. ஏன் எழுபது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கை அங்கே நின்றது. சொம்பின் அடியில் ஒரு வாய்த் தண்ணீர் மிஞ்சியிருந்தது. அந்தச் சின்ன வாய்ப் புனலுக்குள் ஒரு சொம்பு போனால் அது ஓடையை நிரப்புகிற மழை. வெளியாட்களுக்கு அந்த அளவு புரியாது.

கமிட்டி வந்தது. பின்னால் பாதி ஊர். ஐரினும் வந்திருந்தாள். எல்லார் கண்ணுக்கும் முன்னால் ஜெயமேரி பாட்டிலை எடுத்து அளந்தாள்.

“இருபது… நாப்பது… அறுபது… எழுபது.”

ஐரின் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். பிறகு ஒரு கிழவர், “எழுபதா? ஏலே, எழுபதுன்னா கெணறு நெறஞ்சிருமேடா!” என்றார். அவ்வளவுதான். சத்தம் கிளம்பிவிட்டது. ஒருத்தன் விசில் அடித்தான். “பந்தலப் போடு, கடலையும் போடு!” என்று கத்தினான் இன்னொருத்தன்.

ஜெயமேரி கிளாசைக் கீழே வைத்தாள். மழை வருகிறதென்று சொன்னால் பயப்படுவார்கள் என்று நினைத்தாளே தவிர, காய்ந்து கிடந்த சனம் சந்தோஷப்படும் என்று நினைக்கவில்லை. மறுநாளே ஏர் பூட்டினார்கள். வைத்திருந்த விதைக்கடலையை எல்லாம் புழுதியில் போட்டார்கள். “மதினி கைராசி,” என்று அந்தோணிராஜ் எதிர்ப்பட்ட இடமெல்லாம் கும்பிட்டான். வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையில் பதினெட்டுக் கிடாய் பிடித்து வந்தார்கள். கோயில் முற்றத்தில் தார்ப்பாய்ப் பந்தல் எழும்பியது.

“ஒருநா கூட எனக்கு ஒண்ணும் வாய்க்காது, இல்லம்மா?” என்றாள் ஐரின். அந்த வாரம் முழுக்க அவள் பேசினது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. வானத்தில் ஒரு பஞ்சு இல்லை. ஓடை இறங்கி வருகிற சிறுமலை நீலமாக, ஒவ்வொரு மடிப்பும் தெரிகிற மாதிரி நின்றது. ஜெயமேரி எட்டரைக்கு அளந்தாள். பாட்டில் வெறும் பாட்டிலாக இருந்தது.

“மலரு, மலைக்கு மேல எம்புட்டு?”

“எஸ்டேட் போன் நேத்து ராத்திரியிலருந்து செத்துக் கெடக்குக்கா. அடிச்சுக்கிட்டே இருக்கேன். திருநாச் சோத்துக்கு என்னையக் கூப்பிடவே இல்லயே நீங்க!”

பூசை முடிந்தது. பதினொரு மணிக்கு அண்டாக்களில் கறி கொதித்தது. வெயில் தார்ப்பாயை உருக்கியது. எல்லாரும் வானத்தையும் ஜெயமேரியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பன்னிரண்டுக்கு அந்தோணிராஜ் அவளிடம் வந்தான். பின்னால் இருபது பேர்.

“மதினி, எழுபது எங்க?”

“பொறுங்க. பொழுது இன்னும் இருக்கு.”

“எங்கருந்து வரும்? ஒரு பொட்டு மேகம் இல்ல. வெதச்சது பூரா எறும்பு இழுத்துட்டுப் போகுது.”

“மணலுக்கு மட்டும் போகாதீக கொழுந்தனாரே. கையெடுத்துக் கும்பிடுறேன்.”

“ஏன்? அதச் சொல்லுங்க.”

பொய் தாங்கவில்லை. அவளுக்கு அதில் பழக்கமும் இல்லை. “எழுபது நான் ஊத்துனது,” என்றாள். “சொம்புத் தண்ணிய நாந்தான் ஊத்துனேன். பாட்டில்ல வந்தது மழ இல்ல, மணலு. ஈர மணலும் ஒரு மூங்கி எலையும். எண்பத்தேழுலயும் அதேதான் வந்துருக்கு, ஒங்கண்ணன் எழுதி வச்சிருக்காரு. மழ இங்க வராது. ஓட வரும்!”

மலையளவு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. எதிரே இருந்த முகங்களைப் பார்த்தபோதுதான் தான் என்ன செய்தோம் என்று புரிந்தது. அவர்கள் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும்தான்.

“ஊத்துனீகளா?” அந்தோணிராஜின் குரல் தணிந்து, பிறகு எழும்பியது. “கேட்டீகளாப்பா? மழையே கெடையாதாம்! சைபராம்! அண்டாவத் தூக்குங்க. சோறு மணல்லதான்!”

“புருசன் சைபர்னு சொல்லி ஏமாத்துனான், பொண்டாட்டி எழுபதுன்னு சொல்லி ஏமாத்திட்டா,” என்றாள் ஒருத்தி. “அடுத்து மக என்ன சொல்லப் போறாளோ!”

சிரித்தார்கள். பிறகு கம்பில் கோர்த்து அண்டாக்களைத் தூக்கினார்கள். கட்டுக்கட்டாக இலை போனது. செபஸ்தியார் சுரூபம் போனது. கொட்டு முழங்க ஊரே சரிவில் இறங்கியது. ஐரின் கையில் மண்வெட்டியோடு அம்மாவைக் கடந்து போனாள்.

“ஐரினு, போகாத.”

“நீ ஏம்மா இப்பிடிப் பண்ண? இனி நான் தோண்டாம நின்னா செத்தாலும் இந்தப் பேரு போகாது.”

ஜெயமேரி கரையில் நின்றாள். கீழே வெள்ளை மணல் கண் கூசியது. வரிசை வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் அந்தோணிராஜ், மடியில் இரண்டு வயதுப் பேத்தி. ஓடையின் நடுவில் ஐரின் மண்வெட்டியை ஓங்கினாள்.

அந்த வறட்சிக்கு இடுப்பாழம் தோண்டினாலும் தண்ணீர் காண்பது சந்தேகம். அவள் இரண்டு வெட்டு வெட்டினாள். சாண் ஆழத்தில் தண்ணீர் பொங்கி வந்தது.

“செபஸ்தியாரே!” என்று கூட்டம் எழுந்து கை தட்டியது. “ஐரினுக்குக் கைராசிடா! சைபர் மகளா இவ? ராசாத்தி!”

ஐரின் சிரித்துக்கொண்டே குனிந்து ஒரு கை அள்ளினாள். சிரிப்பு அப்படியே நின்றது. தண்ணீர் சிவப்பாக இருந்தது. விரலெல்லாம் மரத்துப்போகிற குளிர். உள்ளங்கையில் ஒரு மூங்கில் இலை சுற்றிச் சுற்றி வந்தது.

அவள் நிமிர்ந்து கரையைப் பார்த்தாள். அங்கே ஜெயமேரி நின்றாள். பேசினாலும் கேட்காத தூரம்.

“மேல ஏறுங்க!” என்று கத்தினாள் ஐரின். “எல்லாரும் மேல ஏறுங்க! தண்ணி வருது!”

“அம்மாவ உரிச்சு வச்சிருக்கா!” யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு.

ஐரின் இன்னொரு தடவை கத்தவில்லை. முதல் வரிசைக்கு ஓடினாள். அந்தோணிராஜின் மடியில் இருந்த பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்து ஓட்டம் பிடித்தாள்.

“ஏய்! பிள்ளய விடுடி! பைத்தியம் பிடிச்சிருச்சுடா, பிடிங்கடா அவள!”

அந்தோணிராஜ் ஓடினான். அவன் மருமகள் கூப்பாடு போட்டுக்கொண்டு ஓடினாள். பந்தியில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள், அவர்களும் ஓடினார்கள். என்ன ஏது என்று தெரியாமல் மீதிப்பேரும் எழுந்து பின்னால் ஓடினார்கள். கடைசி ஆள் சரிவில் கால் வைத்தபோது மணல் மேல் ஒரு குளிர்காற்று வந்தது. அதற்குப் பின்னால், பத்து லாரி ஜல்லியை ஒன்றாகக் கொட்டுகிற மாதிரி சத்தம்.

வானம் நீலமாகவே இருந்தது. வெயில் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த வெயிலில், சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஆள் உயரச் செந்தண்ணீர் வளைவைத் திரும்பி வந்தது. இலைகள் போயின. அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு மணி அடிக்கிற மாதிரிச் சத்தம் போட்டுப் போயின. செபஸ்தியார் கொஞ்சதூரம் நின்றபடியே போனார்.

கரையில் ஒருவரும் அழவில்லை. ஆள் எண்ணிப் பார்த்தார்கள். குறையவில்லை. ஐரின் பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி அம்மாவிடம் வந்து நின்றாள். அப்போது ஊர் மெதுவாகத் திரும்பி ஜெயமேரியைப் பார்த்தது. அந்தப் பார்வையில் நன்றி இல்லை, கோபமும் இல்லை. கிணற்றுக்குள் குனிந்து ஆழம் பார்க்கிற பார்வை.

“மதினி,” என்றான் அந்தோணிராஜ். “நீங்க ஊத்துனது ஒரு சொம்புதான?”

“ஆமா.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

மறுநாள் காலை ஜெயமேரி ஐரினோடு ஆபீசுக்கு நடந்தாள். ஊர்த்தெருவில் கதவெல்லாம் திறந்து கிடந்தன. வீட்டில்தான் ஆளில்லை. வேலியை நெருங்கும்போது கால் சேற்றில் வழுக்கியது. வேலியைச் சுற்றி நிலம் சொதசொதவென்று கிடந்தது. அந்தச் சேற்றில் வெறுங்கால் தடங்கள். பெரிது, சிறிது, கிழடு, குழந்தை. பூட்டு பூட்டினபடி இருந்தது. ஆனால் கம்பி வேலிக்கு மேலே கையை நீட்டினால் புனல் எட்டும்.

ஊரே சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு கையிலும் ஒரு சொம்பு.

“சங்கிலிண்ணே! என்ன இது?”

“தடுத்துப் பாத்தேன் தாயி. கேக்கல.” சங்கிலி தரையைப் பார்த்தார். “அப்புறம் நானும் ஒண்ணு ஊத்துனேன். எனக்கும் துண்டு நெலம் இருக்குல்ல.”

அந்தோணிராஜ் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். “கோவிக்காதீக மதினி. நேத்து ஓடையோட போச்சே தவிர ஊருக்குள்ள ஒரு சொட்டு விழல. வெதச்சிட்டோம். வெத காஞ்சா நாங்க எங்க போவோம்? நீங்க ஊத்துனது வருதுன்னா நாங்க ஊத்துனாலும் வரும்ல?”

“எம்புட்டு ஊத்துனீக?”

“வீட்டுக்கு ஒரு சொம்பு. அதுக்கு மேல ஒருத்தரும் ஆசப்படல. செபஸ்தியார் மேல சத்தியமா.”

கல்லோடைப்பட்டியில் இருநூற்றுப் பத்து வீடு.

அவள் பூட்டைத் திறக்கவில்லை. திறக்க வேண்டியதே இல்லை. உருளை வழிந்து, மேடை வழிந்து, புனலின் விளிம்பு வரை தண்ணீர் தளும்பி நின்றது. காற்று இல்லை. ஆனாலும் அது அசைந்துகொண்டே இருந்தது.

“கவுத்துரும்மா,” என்றாள் ஐரின், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. “இப்பவே கவுத்துரு.”

“ஒங்கப்பா தொடச்சாருடி. தொடச்சும் வந்துச்சு.”

உள்ளே போன் அடித்தது. நெடுநேரம் அடித்தது. ஜெயமேரி போய் எடுத்தாள்.

“அக்கா! நல்லா இருக்கீகளா? ஓடையில வெள்ளம்னு இங்க பூரா ஒரே பேச்சு. இப்பத்தான் எஸ்டேட் லைன் கெடச்சுச்சு. மலைக்கு உள்ளுக்குள்ள நேத்துக் காலையில கொட்டித் தீத்துருக்கு. எம்புட்டுங்கிறீக? எழுபது! முன்ன பின்ன ஒரு புள்ளி இல்ல, சரியா எழுபது!”

ஜெயமேரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வரப்போவதைத்தான் தன் கை ஊற்றியதா, கை ஊற்றியதுதான் வந்ததா? இரண்டில் எதுவாக இருந்தாலும் இன்னும் ஒன்பது நாள்.

“அக்கா? லைன்ல இருக்கீகளா? கல்லோடைப்பட்டி எம்புட்டு?”

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வேலியோரம் கூட்டம் விலகி வழிவிட்டது. பிந்தி வந்த ஒருத்தி, இடுப்பில் கைப்பிள்ளை, கையில் நெளிந்த சொம்பு. ஐரின் குறுக்கே கையை விரித்து நின்றாள். அந்தப் பெண் அவளைச் சுற்றிக்கொண்டு போய், குதிகாலை உயர்த்தி, ஒரு துளி சிந்திவிடாமல் கவனமாகக் கையை நீட்டினாள்.

“செத்த இரு மலரு,” என்றாள் ஜெயமேரி. “இன்னும் ஊத்தி முடியல.”